தலையில் தெளித்த தண்ணீர்

என் அண்ணனைச் சாக விட்டது நீங்கள்தான், சித்தப்பா. இதை உங்களுக்கு எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

எழுபதுகளில் ஒரு மார்கழியில் அப்பா இறந்தார். மழை விட்டிருந்தது. வாடை விடவில்லை. தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு இருமல். அண்ணனுக்கு ஏற்கெனவே காய்ச்சல். மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். சளி கட்டியிருக்கிறது, குளிரில் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். கிணற்றடியில் தலைமுழுகி, ஈர வேட்டியோடு நீர்மாலைக் குடம் சுமந்து வந்து அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும்.

“வெந்நி வைக்கட்டா, சின்ன மாமா?” என்று அண்ணி உங்களிடம் கேட்டாள்.

“ஏளா, உன் புருசன் என்ன மறுவீட்டுக்கா போறான்? ஊரு சிரிக்கும்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். “ஏலே, நீ நீர்மாலை எடுக்கியா?”

“மூத்தவன் நீதானே” என்றேன்.

சுடுகாட்டில் விறகு நனைந்திருந்தது. தீப்பிடிக்க நேரமானது. ஈர வேட்டியோடு அவன் நடுங்கிக்கொண்டு நின்றான். என் தோளில் காய்ந்த துண்டு கிடந்தது. அதை எடுத்துப் போர்த்த எனக்குத் தோன்றவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். பொய். தோன்றியது. நீங்கள் முறைப்பீர்கள் என்று துண்டை எடுக்கவில்லை.

தை பிறக்கும் முன்னே அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்தான். நிமோனியா என்றார்கள். குளித்ததால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. “அந்த உடம்போட அவர வெளிய விட்டது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

அவனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி என் கைக்கு வந்தது. அதே கிணறு, அதே வாடை. வாளியைத் தூக்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

“ஏலே, முங்க வேண்டாம். தலையில லேசாத் தெளிச்சுக்கோ, போதும். சாஸ்திரத்துல இடம் இருக்கு.”

தெளித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. காய்ந்த வேட்டியோடு நின்று என் அண்ணனுக்குத் தீ வைத்தேன்.

என் பங்கை எழுதிவிட்டேன். இனி நீங்கள். எனக்கு இருந்த அந்த இடம் அண்ணனுக்கு ஏன் இல்லை? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அப்பா திதிக்குச் சொந்தமெல்லாம் கூடும். அண்ணியும் வருவாள். அவள் முன்னால், எல்லார் முன்னால், எழுந்து நின்று சொல்லுங்கள்.