பத்து விரல் கரடி

“எத்தன அடி சார் வேணும்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் செந்தூர்வேல் பெட்டியின் மேல் விரல்களை ஓடவிடுகிறார். டும் என்கிறது பெட்டி. தக்கு என்கிறது. நடுவில் ஏதோ ஒன்று ‘ஸ்ஸ்’ என்று சீறி அடங்குகிறது. நான் துணி காயப்போடக் கொடிக்கயிறு வாங்க வந்தவன். வந்து எவ்வளவோ நேரமாகிறது. எனக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர் தார்ப்பாய்க்கு நிற்கிறார். அவர் கோபப்படுவார், அந்தச் சாக்கில் நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தால், மனுஷன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்!

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை அது. உப்பளத்துக்காரர்கள், லாரிக்காரர்கள், வள்ளக்காரர்கள் எல்லோரும் வந்துபோகிற இடம். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது பெட்டி. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே வரிசைக்கு நான்காகப் பதினாறு ரப்பர் சதுரங்கள். மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும். ஓங்கி அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒயர் வேண்டாம். பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனர் விஜயராஜ் ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் தட்டிப் பார்த்து, “நமக்கு இது சரிப்படல அத்தான்” என்று இவரிடம் தள்ளிவிட்டுப் போனது.

வாங்கும்போதே பெட்டிக்குள் ஏகப்பட்ட டிரம் செட்டுகள் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு இங்கிலீஷ் பெயர் வரும். செந்தூர்வேல் அதைப் படிப்பதில்லை. காதால் கேட்டுத் தானே பெயர் வைத்துவிட்டார். கணீரென்று உடைகிற ஓசைகள் உள்ளது ‘ஐஸ் பேக்டரி’. தொம்மென்று அடிவயிற்றில் விழுவது ‘லாரி டயர்’. டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் வருடுகிற ஒரு செட்டுக்கு ‘உப்பு வாருதது’ என்று பெயர். “கேளுங்க சார், பாத்தியில பலகைய வச்சு உப்ப இழுத்தா இந்தச் சத்தந்தான வரும்?” என்றார். கேட்டேன். அதே சத்தம்தான். காசு கொடுத்தால் புதுப்புது செட்டெல்லாம் வாங்கி ஏற்றிக்கொள்ளலாமாமே என்று என் அறிவைக் காட்டினேன். “இருக்கதுலயே பாதி இன்னும் தட்டிப் பாக்கல. அதுக்குள்ள அடுத்த பந்திக்கு எல போடச் சொல்லுதியளே!” என்றார்.

ஒரு குறை உண்டு. எங்கேயோ வெளிநாட்டில் செய்த பெட்டி. தவில் கிடையாது, பறை கிடையாது, உருமி கிடையாது. ஆனால் ஒரு செட்டில் ‘ஊங்... ஊங்...’ என்று ஏங்கி முனகும் ஒரு ஒலி இருக்கிறது. எந்த தேசத்து வாத்தியமோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் செட்டுக்கு ‘குரங்கு’ என்று பெயர். அதைச் சுண்டுவிரலால் அழுத்தி, மற்ற விரல்களால் மேலே அடுக்கினால் உருமி வந்துவிடுகிறது. விரல் வைத்தால் தானாகவே கடகடவென்று உருட்டித் தரும் பொத்தான் ஒன்றும் உண்டு. அடி தப்பினால் அதுவே நேராக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரண்டையும் அவர் தொடமாட்டார். “அது கள்ளாட்டம் சார். மிஷினுக்கு எதுக்கு நா வேணும்? அதுவே தனியா வாசிச்சிட்டுப் போயிருமே!”

இந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. தன் தெருவின் தசரா குழுவில் ஒரு தரமாவது தன் பெட்டி பேச வேண்டும். குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு இந்தப் பக்கம் தெருவுக்கொரு குழு கிளம்பும். மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, குறத்தி, ராஜா, போலீஸ் என்று அவரவர் நேர்ந்துகொண்ட வேஷத்தைக் கட்டி, மேளத்தோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மனிடம் சேர்ப்பார்கள். இத்தனை வருஷமும் செந்தூர்வேலுக்குக் கிடைத்தது காணிக்கைத் தட்டைப் பிடிக்கும் வேலைதான்.

போன பங்குனியில் கடை ஷட்டர் நழுவி அவருடைய வலது பெருவிரலில் விழுந்தது. பெட்டியில் அந்த அடிநாதமான ‘டும்’ பெருவிரலுடைய பங்கு. விரல் பழையபடி மடங்குமா என்று டாக்டரே வார்த்தையை இழுத்தாராம். ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே நேர்ந்துகொண்டார்: விரலைக் கொடு தாயே, தசராவுக்குக் கரடி வேஷம் போடுகிறேன். ஏன் கரடி? “வலியில வாயில அதான் வந்துச்சு சார். ஒரு ராஜான்னு வந்திருக்கக் கூடாதா?” நேர்ந்தது நேர்ந்ததுதான். மாற்ற முடியாது.

விரல் தேறிவிட்டது. உடன்குடியில் தைக்கக் கொடுத்த கரடி உடுப்பும் வந்தது. போட்டுப் பார்த்தபோதுதான் பாவம், விஷயம் உறைத்தது. சட்டைக் கையோடு சேர்த்து, தலையணை மாதிரி புசுபுசுவென்று கரடிக் கைகளையும் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு விரல் வெளியே வர வழியில்லை. “வெரலக் குடுன்னு கேட்டேன், குடுத்துட்டா. கூடவே உறையையும் தச்சு அனுப்பிட்டாளே சார்!” என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

குழுவுக்குத் தலைவர் பலசரக்குக் கடை நயினார் அண்ணாச்சி. வருஷா வருஷம் காளி வேஷம் அவர்தான். அவரிடம் போய், பெட்டி வாசிக்க வசதியாகக் கரடிக் கையை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டார் செந்தூர்வேல். நயினார் ஒரே போடாகப் போட்டார்.

“கையில்லாத கரடியா, ஏல? நேந்தத அரகொறையாச் செய்யப்படாது. அதோட ஒன்னு சொல்லுதேன் கேட்டுக்க, அம்மன் தோல் மேளத்துக்குத்தாம்ல ஆடுவா. ரப்பருக்கு ஆடுவாளா?”

அன்று கடையில் பெட்டி பேசவில்லை. கேட்ட அளவுக்குக் கேட்டவுடன் கயிறு கிடைத்தது. அப்படி ஒரு கடையில் சாமான் வாங்கவே பிடிக்கவில்லை எனக்கு.

வழி சொன்னவர் செந்தூர்வேலின் மனைவி இசக்கிசெல்வி. தார்ப்பாய்க்கு ஓரம் மடித்துத் தைத்து வளையம் அடிப்பதெல்லாம் அவர் வேலை. பெரிய கத்தரிக்கோலோடு வந்தார்.

“கரடிக்கு நகம் உண்டுமா, இல்லியா?”

“உண்டும்.”

“பெறவென்ன? கையை நீட்டுங்க.”

உறையின் நுனிகளை நறுக்கினார். பத்து விரலும் வெளியே எட்டிப் பார்த்தன. வேஷக்காரர்கள் முகத்தில் பூசும் கருப்பு மையை எடுத்து விரல்களில் வழித்துப் பூசினார். நன்றாக நீண்ட, கறுத்த நகங்களோடு ஒரு முழுக் கரடி நின்றது!

நயினார் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேஷத்துல குத்தம் சொல்ல முடியாது” என்றார். “மேளக்காரங்க நாளைக்குத்தான் வாராவ. இன்னைக்குச் சாயங்காலம் நம்ம தெருவுக்கு மட்டும் நீ அடி. எனக்குக் கால் எந்திரிச்சா, அவங்களோட சேந்து குலசை வரைக்கும் அடிச்சிட்டு வா. எந்திரிக்கலன்னா பெட்டிய வீட்டுல வச்சிட்டுத் தட்டப் புடி. சரியா?”

சரி என்றது கரடி.

சாயங்காலம் நானும் போய்விட்டேன். வேலை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் நாடாவில் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கரடி வந்தது. சடைமுடியும் வாளுமாக, காலில் சலங்கையோடு காளியாக நின்றார் நயினார். முதலில் ‘லாரி டயர்’. தெருப் பிள்ளைகள் விசிலடித்தன. இரண்டு போலீஸ் வேஷங்கள் குலுக்கி ஆடின. காளி அசையவில்லை. ‘ஐஸ் பேக்டரி’க்கு மாற்றினார். காளி வாசற்படியில் கிடந்த ஒரு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயோ, தொலைந்தது என்று எனக்கே வியர்த்தது.

“ஏங்க!” என்று வாசலிலிருந்து இசக்கிசெல்வி சத்தம் போட்டார். “யாருக்குக் காட்டுததுக்கு அடிக்கீய? ஆத்தாள நெனச்சு அடிங்க!”

கரடியின் கை நின்றது. ஒரு மூச்சு விட்டது தெரிந்தது. பிறகு சுண்டுவிரல் அழுத்த, ‘ஊங்...’ என்று அந்தப் பெயர் தெரியாத தேசத்து வாத்தியம் முனகியது. அவசரமே இல்லாமல் பெருவிரல் விழுந்தது. டும். மறுபடி முனகல். டும், தக்கு, டும். குறத்தி வேஷத்தில் நின்ற பையன் சிரிப்பை நிறுத்தினான். யாரோ ஒரு அம்மாள் குலவை போட்டாள். சலங்கை ஒரு தரம் சிலிர்த்தது. நான் நயினாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் எழுந்தது. அவ்வளவுதான், அடுத்த அடிக்கு வாள் மேலே போய்விட்டது. என்ன ஆட்டம் அது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் என்ன?

அந்த நேரம் பார்த்துப் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. வேடிக்கை பார்த்தவர்கள் வாசல்களில் ஒதுங்கினார்கள். தண்ணீர் இறங்கினால் பெட்டி செத்துப்போகும். கையை எடுத்தால் ஆட்டம் அறுந்துபோகும். கரடி பெட்டிமேல் கவிழ்ந்து, முதுகால் மழையை வாங்கிக்கொண்டு அடித்தது. ஆடிக்கொண்டே அருகில் வந்தார் நயினார். தோளில் கிடந்த சிவப்புப் பட்டுத் துண்டை உருவிப் பெட்டியின் மேலும் அந்தக் கறுத்த விரல்களின் மேலும் போட்டு மூடினார். பட்டுக்கு அடியில் டும் நிற்கவில்லை. முகத்துச் சாயம் கரைந்து மார்பில் வழிய, வாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்தப் பட்டின் ஓரத்தை விலகாமல் பிடித்தபடியே ஆடினார் நயினார்.