மூக்கு லாரியும் மொட்டை லாரியும்

இன்று என் மரவள்ளிக் கிழங்கு லோடோடு லாரியிலேயே மலையிறங்கினேன். வளைவுகள் தொடங்கும் முன் டீக்கு நிறுத்தினோம்.

டிரைவர் அண்ணனின் போனில் அவருடைய தங்கைகளின் கணவர்கள் இருவரும் வீடியோவில் வந்தார்கள். ஒருவர் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறார், இன்னொருவர் போலந்தில். இருவரும் ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது.

வந்ததும் சண்டை.

"எஞ்சின் முன்னால மூக்காட்டம் நீட்டிக்கிட்டு இருக்கோணும். பின்னால கட்டில், ஃபிரிட்ஜ். அதுதானுங்க மச்சான் லாரி," என்றார் அமெரிக்கா.

"இங்க வண்டி நீளத்துக்கே சட்டம் இருக்குதுங்க. மூக்கு வெச்சா சரக்குக்கு எடம் போயிரும். அதான் மூக்கில்லாத மொட்டை வண்டியில எஞ்சின் மேலயே உக்காந்து ஓட்டறோம். சந்துல கூடத் திருப்பிருவனுங்க," என்றார் போலந்து.

"நீங்களே சொல்லுங்க மச்சான்!" என்றார்கள் இருவரும்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார்.

"கீழ எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்குது மாப்ள. ரெண்டு பேரும் வண்டியக் கொண்டாந்து எறக்கிக் காட்டுங்க. அப்பறம் சொல்றேன்."

அமெரிக்கா மெதுவாகக் கேட்டார்: "போனத் திருப்பி அந்த ரோட்டக் கொஞ்சம் காட்டுங்க மச்சான்."

அண்ணன் காட்டினார். மூன்று டிரைவர்களும் முதல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கு மில்லுக்கு நேரமாகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் மூக்குக் கட்சியா, மொட்டைக் கட்சியா?