விரதக்காரியின் குளிசை

தினமும் என்னோடு பஸ்ஸில் வரும் அக்கா சிறுநீரகம் மாற்றியவர். இன்று குளிசையை எடுத்தபடி, "மருந்து லாபில உங்களுக்கு என்ன வேலை, தம்பி?" என்றார்.

"மரபணு மாத்தின பூஞ்சணத்தில மருந்து செய்யிறம். உங்கட குளிசையும் பூஞ்சணம் தாறதுதான்" என்று பெருமையடித்தேன்.

வாய்க்குப் போன கை நின்றது.

"நான் கந்தசஷ்டி விரதம். காளானே தொடமாட்டன்."

அந்தக் குளிசையைத் தவறவிட்டால் உடம்பு மாற்றிய சிறுநீரகத்தையே எதிர்க்கத் தொடங்கும். அவசரமாகச் சமாளித்தேன்.

"அக்கா, பூஞ்சணம் சமைக்கிற ஆள் மட்டும்தான். மருந்துக்குள்ள அது இல்லை, வடிச்சு எடுத்திடுவம்."

"சமைக்கிற ஆள் குளிச்சதோ?"

"பாத்திரமெல்லாம் ஆவியில அவிச்சுப்போட்டுத்தான் அதை உள்ள விடுவம்."

யோசித்தார். விழுங்கினார்.

இறங்கும்போது, "அது என்ன சாப்பிடும்? நாளைக்குச் சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் லாபில் அது வளர்வது இறைச்சிச் சாற்றில்.

நாளைக்கு நான் எந்த பஸ்ஸில் போகட்டும்?