மேசை இரண்டு, ஞாயிறு

மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். பார்வை கிடையாது, சந்தேகம் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு உண்டு. நிறுத்தம் வந்துவிட்டது என்று நடத்துநரே சொன்னாலும், பக்கத்தில் நிற்பவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பேருந்திலிருந்து இறங்குவாள். தன் நிழலையே நம்பாத அந்த மனுஷி நம்பியது ஒரே ஒருத்தியை, அடுத்த மேசை அக்காவை.

வாரப் பணிப்பட்டியல் இணையப் பக்கத்தில் வரும். அக்காதான் படித்துச் சொல்வாள். மூன்று மாதமாக ஒரே பாட்டு.

"இந்த வாரமும் ஞாயித்துக்கிழமை வேலை உனக்குத்தான்டி. வியாழன் லீவு. மேற்பார்வையாளருக்கு உன்மேல என்ன கோபமோ!"

விடுதியில் படிக்கும் மகள் வீட்டுக்கு வருவதே ஞாயிறு ஒருநாள்தான். போன வாரம் தனியாகச் சாப்பிட்டுக் கிளம்பியவள், "அம்மா, இனிமே நான் வரலே, பரவாயில்லையா?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டாள்.

மேற்பார்வையாளரைக் கையும் களவுமாகப் பிடிக்க, தானே பக்கத்தைத் திறந்தாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கணினிக் குரல் அவள் காதில் கடகடவென்று ஒப்பித்தது. "காலை, காலை, விடுப்பு, மாலை, காலை..." எது யாருக்கு, எது எந்த நாளுக்கு? கடவுளுக்கே வெளிச்சம். பக்கத்தைச் செய்த கணினிப் பிரிவுக்காரரும் கூட்டுக் களவாணி என்று முடிவுகட்டி, நேராகப் போய் நின்றாள்.

"கிழமையெல்லாம் மேல தடிச்ச எழுத்துல போட்டிருக்கேனே, மேடம்."

"தடிச்ச எழுத்து உங்க கண்ணுக்கு சார். இந்தக் குரலுக்கு அதுவும் சும்மா ஒரு கட்டம்தான். இது தலைப்புன்னு உள்ளே குறிச்சு வெச்சாத்தான் நாளையும் மேசையையும் சேர்த்துச் சொல்லும்."

அவர் திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தார். "எனக்கே ஒண்ணும் புரியல" என்று ஒப்புக்கொண்டார். பழைய பட்டியல்களையும் சேர்த்தே திருத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியல் வந்தது. "மேசை இரண்டு, ஞாயிறு, விடுப்பு" என்றது கணினி. மேசை இரண்டு அவளுடையது. அவள் நம்பவில்லை. போன வாரத்துக்குப் போனாள். அங்கும் விடுப்பு. பன்னிரண்டு வாரம் பின்னால் போய்ப் பார்த்தாள். எல்லா ஞாயிறும் அவளுக்கு விடுப்பு, அக்காவின் மேசை ஒன்றுக்கு வேலை. "நீங்க ரெண்டு பேரும் லீவை மாத்திக்கிட்டா எனக்கென்ன, அக்கா சொல்லிட்டாங்க" என்று மேற்பார்வையாளர் ஒருமுறை சொன்னதைக் குத்தல் என்றல்லவா நினைத்தாள்!

அக்கா டீயோடு வந்தாள். "பட்டியல் வந்துடுச்சுடி. ஞாயித்துக்கிழமை உனக்குத்தான்."

அவள் ஹெட்போன் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு விசையைத் தட்டினாள். அறை முழுக்கக் கேட்டது.

"மேசை ஒன்று, ஞாயிறு, காலை."

அக்காவின் டீ டம்ளர் டக்கென்று மேசையில் உட்கார்ந்தது.

"உங்களைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டேன்க்கா" என்றாள் அவள். பிறகு மகளின் எண்ணை அழுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை வா கண்ணு. அம்மா வீட்லதான் இருப்பேன்."