கட்டைவிரல் உயரக் கிளாசு

எங்கள் கோயிலுக்குக் குட்டிக் கண்ணாடிக் கிளாசுகள் வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். குழி போட்ட மரத்தட்டில் வரிசையாக நின்றன. எனக்குச் சொப்பு வைத்து விளையாடுகிற வயது. அம்மா ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட வேண்டும் என்று ஆசை.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் எங்கோ போகிறேன். பாரிவாக்கத்து வயல்களை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் சிலுவை வைத்த சின்னக் கோயில். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. அதனாலேயே எனக்கு மழை பிடிக்கும். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தெற்கத்திக் குடும்பங்கள் வந்து பின்னால் பெஞ்சுகளில் உட்காருவார்கள். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற எங்கள் காலனி ஜனம் முன்னால் பாய் விரித்து உட்காருவோம்.

திருவிருந்துக்கு ஒரே வெள்ளிப் பாத்திரம். திராட்சை ரசத்தைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குப் போவார். முன்னால் இருப்பவர்களுக்கு முதலில். ஆக, நாங்கள் வாய் வைத்த பாத்திரத்தில்தான் பெஞ்சுக்காரர்கள் குடித்தார்கள். யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடில்லை.

அம்மா வேலைக்குப் போகிற பண்ணை வீட்டில் மாட்டுக்கொட்டகைக் கூரை இறவாணத்தில் அவளுக்கென்று ஓர் அலுமினிய லோட்டா சொருகியிருக்கும். டீ அதில்தான் ஊற்றுவார்கள். திருவிருந்து ஞாயிறு மட்டும் அம்மா கஞ்சி போட்ட நீலச் சேலை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல நடப்பாள்.

முதலில் பெஞ்சுக்காரர்கள் எங்கள் பாயைப் பின்னால் போடச் சொன்னார்கள். “பின்னாடி குந்திகினா ஐயரு மூஞ்சியே தெரியாதுங்க” என்று அத்தை நகர மறுத்துவிட்டாள். அத்தையின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அதன் பிறகுதான் கிளாசுப் பேச்சு வந்தது.

ஆராதனை முடிந்து அங்கேயே சண்டை. “சளியும் காசமும் ஒட்டிக்கிடும்லா? எல்லாருக்கும் நல்லதுக்குத்தான சொல்லுதோம்!” என்றார் ஒரு பெஞ்சுக்காரர். அதே பெஞ்சிலிருந்து ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர் எழுந்தார். “ஒரே அப்பம், ஒரே பாத்திரம்னு வாயாலதான் சொல்லுதீயளோ?” அவரை உட்காரச் சொல்லி அவர் மகனே சட்டையைப் பிடித்து இழுத்தான்.

வீட்டில் நைனா சமாதானமாகத்தான் பேசினார். “ஆளுக்கு ஒரு கிளாசு. கௌரவந்தானே? உட்ருவியா…”

“இத்தினி வருசமா ஒட்டாத சளி, இப்போ இன்னாத்துக்கு ஒட்டுது?” என்றாள் அம்மா.

கிளாசு வந்த திருவிருந்து ஞாயிறும் அம்மா நீலச் சேலைதான் கட்டினாள். முழங்காலிட்டாள். அப்பத்தை வாங்கி வாயில் போட்டாள். தட்டு வந்தது. அவள் கை நீளவில்லை.

“பெரிய பாத்திரம் எங்க ஐயரே?”

போதகர் தட்டைப் பார்த்தபடியே, “இனிமே இதாம்மா” என்றார். மழைகூட இல்லை, எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா எழுந்து வெறுங்கையோடு பாய்க்குத் திரும்பினாள். எனக்கு அழுகை. கிளாசு கொண்டு வரவில்லையே!

அதோடு சபை இரண்டாகிவிட்டது. காலனிக்குள் எங்கள் ஆட்கள் ஆராதனைக்குத் தனிக் கொட்டகை போட்டார்கள். வெள்ளிப் பாத்திரத்துக்குப் பதில் எவர்சில்வர் தம்ளர். வழுக்கைத்தலைப் பெரியவர் ஒரே ஒரு வாரம் வந்து போனார், பிறகு வரவில்லை. அம்மாவும் ஒரே ஒரு முறைதான் போனாள்.

அத்தை வாசலில் நின்று கத்தினாள்: “உனக்கோசரம்தாண்டி கொட்டாயே போட்டுகீறோம்! ஒரே தம்ளருதானே கேட்ட? வா!”

“நாம மட்டும் ஒரே தம்ளர்ல குடிக்கிறோம். அதத்தான் ஊட்லயே தெனம் பண்றோமே அண்ணி” என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

எனக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு கோயில் என்றால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு இடத்தில் கேக். இரண்டு இடத்திலும் வாங்கித் தின்றேன்.

தை பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நீலச் சேலையைக் கட்டினாள். கோயிலுக்குத்தான் என்று நானும் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டி எடுத்தேன். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, பண்ணைக்காரர் வயலில் நடவுக்கு இறங்கினாள். நல்ல சேலை சேற்றில் வீணாகிறதே என்று மட்டும்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.