இடியரசிக்குப் பேச்சு எழுதியவள்

யெட்டா கோர்ன்ஃபெல்ட் ஸ்லாட்கின் பிரசுரத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில்தான் இடியரசியும் பிறந்தாள். யெட்டாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இடியரசிக்கு என்றைக்கும் இருபத்திரண்டு. ஒருத்தி பிராங்க்ஸிலிருந்து சுரங்க ரயிலில் நின்றுகொண்டே வருவாள். இன்னொருத்தி அந்த ரயிலையே ஒற்றைக் கையால் தூக்குவாள்.

மன்ஹாட்டனில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாம் மாடியில், ஒரே நீள அறையில் நடந்தது ஸ்லாட்கின் பிரசுரத்தின் படக்கதைத் தொழில். ஒருவர் கதை எழுதுவார், ஒருவர் பென்சிலில் வரைவார், ஒருவர் மை போடுவார். பாத்திரங்களின் வாயருகே மிதக்கும் குமிழ்களுக்குள் பேச்சை எழுதி நிரப்புவது யெட்டாவின் வேலை. அதுவரை அவள் ஒரு பெரிய துணிக்கடையில் விலையட்டை எழுதிக்கொண்டிருந்தாள். முன்பு குமிழ் மேசையில் இருந்தவன் போருக்குப் போய்விட்டதால் இங்கே இடம் காலியாயிற்று. முதலாளி மில்டன் ஸ்லாட்கின் அவள் எழுதிக் காட்டிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆம்பள எழுத்து மாதிரியே இருக்கேம்மா," என்றார்.

அது பாராட்டு என்பது அவளுக்கு மதியச் சாப்பாட்டு வேளையில்தான் உறைத்தது.

இடியரசியை உருவாக்க ஆறு ஆண்கள் ஒரு தட்டு பாஸ்ட்ராமி சாண்ட்விச்சைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதே அறையில் யெட்டாவும் இருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"பொண்ணுங்க கையிலயும் இதழ் வாங்கப் பத்து சென்ட் இருக்கு. அதை எதுக்கு விடணும்?" என்று தொடங்கினார் ஸ்லாட்கின்.

"பலம் எவ்வளவு குடுக்கலாம்?" என்று கேட்டார் கதாசிரியர் ராய் பெண்டர்.

"ரயிலைத் தூக்கட்டும். ஆனா தூக்கறப்ப முகம் கோணக் கூடாது," என்றார் முதலாளி.

"அப்ப நம்ம கேப்டன் கருங்கல்லைவிட அவ பலசாலியா?" என்றார் இன்னொருவர்.

சாண்ட்விச்சுகள் தட்டுக்குத் திரும்பின. கேப்டன் கருங்கல் என்ற படக்கதை வீரன்தான் அந்தப் பிரசுரத்துக்கே சோறு போடுகிறவன். ராய் பெண்டர் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி வழி கண்டுபிடித்தார். "பலசாலிதான். ஆனா அவனைப் பார்த்துட்டா மட்டும் இவளுக்கு முழங்கால் தளர்ந்துடும்." ஆறு பேரும் மூச்சு விட்டார்கள்.

அடுத்து பாவாடையின் நீளம். அதற்கென்றே டாக்டர் அகஸ்டஸ் பெல் என்ற குழந்தை மனநல ஆலோசகரை அமர்த்தியிருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, படத்தின் மேல் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் அளந்தார். முழங்காலுக்கு மேலே நாலு அங்குலம் வரைக்கும் வீரம், அதைத் தாண்டினால் ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பில் சந்தேகம் வந்து மறுநாளும் வந்து அளந்தார்.

ஒவ்வொரு மாதமும் இடியரசியை யாராவது கட்டிப்போட்டார்கள். தூணில், தண்டவாளத்தில், ராக்கெட்டில், ஒருமுறை ராட்சதக் கடிகார முள்ளில். படம் வரையும் லூ ஃபரீனா நல்ல மனிதன். யெட்டா அவனிடம் கேட்டேவிட்டாள்.

"லூ, ரயிலைத் தூக்கறவதானே இவ? இந்தத் துணி காயப்போடற கயித்தை ஏன் அறுக்க முடியல?"

"அது விசேஷக் கயிறு."

"போன மாசமும் விசேஷக் கயிறுதானே?"

"அது வேற விசேஷம்."

"கேப்டன் கருங்கல்லை ஒருத்தனும் கட்ட மாட்டேங்கறானே."

லூ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அவனுக்கு மேலங்கி இருக்கு. கசங்கிடும்."

இத்தனையையும் யெட்டா பொறுத்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்ததை அழகாக எழுதுவதுதான் தன் வேலை என்று இருந்தாள். ஒரு திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் ஸ்லாட்கின் அவள் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் குறிப்பெடும்மா, உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கே," என்றார். அவள் மேசையில் முடிக்க வேண்டிய பக்கங்கள் எட்டு கிடந்தன. இருந்தும் இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தாள். பத்து நாள் கழித்து ராய் பெண்டரின் புதிய கதை அவள் கைக்கு வந்தது. அதில் ஒன்பது ஆண்கள் கொண்ட மாவீரர் பேரவையில் இடியரசி பத்தாவதாகச் சேர்க்கப்படுகிறாள். என்ன பதவியில் என்றால், செயலாளராக. கேப்டன் கருங்கல் சொல்கிறான்: "நீ குறிப்பெடு, இடியரசி. உனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறதே."

யெட்டா அதை மூன்று முறை படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். ஒன்பது பேரும் மார்பை நிமிர்த்திப் பறந்து போகிறார்கள். இடியரசி மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். "சென்று வெல்லுங்கள். எனக்கும் வர ஆசைதான், ஆனால் இவற்றைப் படியெடுக்க வேண்டுமே" என்று குமிழில் எழுத வேண்டும். அவள் பேனாவை மையில் தோய்த்தாள். நேராக, சீராக, ஆம்பளை எழுத்தில் எழுதினாள்: "குறிப்பு ஒன்று: தலைவர் நாற்பது நிமிடம் தம்மைப் பற்றிப் பேசினார். குறிப்பு இரண்டு: எதிரி எந்த ஊரில் இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. குறிப்பு மூன்று: ஒன்பது பேரும் தவறான திசையில் பறந்து போயிருக்கிறார்கள்."

மை காய்ந்ததும் அந்தப் பக்கத்தை அடுக்கின் நடுவில் செருகினாள். யாரும் கவனிக்கவில்லை. குமிழுக்குள் எழுத்து ஏறியபின் அதைப் படிக்கும் வழக்கமே அந்த அறையில் இல்லை. மை போடுகிறவர் கோடுகளைப் பார்த்தார், டாக்டர் பெல் பாவாடையைப் பார்த்தார், பக்கங்கள் அச்சுக்குப் போயின.

அந்த இதழ் வெளிவந்த மூன்றாம் வாரத்தில் அஞ்சல்காரர் கடிதங்களைச் சாக்கில் சுமந்து வந்தார். ஒஹாயோவிலிருந்து ஒரு சிறுமி, தன் அப்பாவின் சங்கக் கூட்டமும் அச்சு அசல் இப்படித்தான் நடக்கும் என்று எழுதியிருந்தாள். ஸ்லாட்கின் ராய் பெண்டரின் தோளில் தட்டினார். "பின்னிட்டேய்யா. எப்படித் தோணுச்சு?"

ராய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும், "திடீர்னு தோணுச்சு சார்," என்றார் அடக்கமாக.

அன்று மாலை அவர் அந்த இதழோடு யெட்டாவின் மேசைக்கு வந்து நின்றார். வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள்.

"நீதானா அது?"

"ஆமா."

ராய் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இனிமே அவ குமிழையெல்லாம் காலியா விட்டுத் தரேன். நீயே ஏதாச்சும் போட்டுடு, கண்ணு. உனக்கும் பொழுது போகும்."

யெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் காலிக் குமிழ்கள் மீதான ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று வருடம் எழுதினாள். அவள் கையில் இடியரசி கயிற்றில் கட்டுண்டபடியே வில்லனுக்கு முடிச்சு போடுவது எப்படி என்று பாடம் எடுத்தாள். கேப்டன் கருங்கல் அருகில் வரும்போதெல்லாம் முழங்கால் தளர்வதற்கு அவன் தலையில் பூசும் எண்ணெயின் வாடைதான் காரணம் என்று கண்டுபிடித்தாள். விற்பனை இரட்டிப்பானது. ராய் பெண்டரை வானொலியில் பேட்டி கண்டார்கள். 'பெண் மனதை அறிந்த ஆண்' என்பது தலைப்பு. யெட்டா முட்டைக்கோஸ் நறுக்கியபடி அதைக் கேட்டாள். கூடவே பேசிய டாக்டர் பெல், பெண்ணின் உள்ளத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கச் சற்றுத் தள்ளி நிற்கிற ஆணால்தான் முடியும் என்றார். முட்டைக்கோஸ் தேவைக்கு மேல் பொடியாகிவிட்டது.

போர் முடிந்தது. போனவர்கள் திரும்பினார்கள், யெட்டாவின் மேசைக்குப் பழைய சொந்தக்காரனும் திரும்பினான். அதே வாரம் ஸ்லாட்கின், இனி காதல் கதைதான் விற்கும், இடியரசிக்குக் கல்யாணம் செய்துவிடலாம் என்று அறிவித்தார். கேப்டன் கருங்கல்லைக் கட்டிக்கொண்டு, பலத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, அடுப்படியில் ஆப்பிள் பை என்ற பலகாரம் சுட வேண்டும்.

யெட்டா நேரே அவர் அறைக்குள் போனாள்.

"சார், மூணு வருஷமா இடியரசி பேசினதெல்லாம் நான் எழுதினது."

ஸ்லாட்கின் ராயைக் கூப்பிட்டார். ராய் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே, "எழுத்துப் பிழை இருந்தா திருத்துவா சார்," என்றார்.

"ஒரு பக்கத்தைக் காலியா குடுங்க. ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து எழுதறோம்," என்றாள் யெட்டா.

ராய்க்கு இருமல் வந்தது. ஆனால் தப்பிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு தாள்களும் முதலாளி முன் இருந்தன. ராய் எழுதியதை அவர் சுருட்டைப் புகைத்தபடியே படித்து முடித்தார். யெட்டா எழுதியதைப் படிக்கும்போது சுருட்டை வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது.

"நீதான் எழுதியிருக்கே. சந்தேகமே இல்ல," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, கல்யாணக் கதையை ராய் எழுதட்டும். உனக்கு ஒரு நல்ல வேலை தரேன். பொண்ணுங்களுக்கு யோசனை சொல்ற பகுதி ஒண்ணு ஆரம்பிக்கறோம். மாசாமாசம் நீயே எழுது."

"என் பேர்லயா?"

"டாக்டர் பெல் பேர்ல. பொம்பளைங்க விஷயத்தைப் பொம்பள சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

அவர் கேலி செய்யவில்லை. மனதார நல்லது செய்வதாகவே நினைத்தார். யெட்டா பேனா முட்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். லூ மட்டும் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தான். "அந்தக் கயிறு விஷயத்துல நீ சொன்னது சரிதான், யெட்டா," என்றான்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு பிரசுரம் இருந்தது. தானே புதிதாக எழுதிய கதை ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ஆசிரியர் முழுவதையும் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படியே ராய் பெண்டர் நடை. கொஞ்சம் சொந்தமா எழுதப் பழகுங்க."

யெட்டாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "பழகிக்கறேன் சார்," என்றாள். மற்றவர்களைவிடக் குறைந்த சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனையில் மட்டும் அவள் அசையவில்லை: பெயர் போட வேண்டும். 'யெ. கோர்ன்ஃபெல்ட்' என்று, பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில் போட்டார்கள்.

இடியரசி நான்கு மாதம் ஆப்பிள் பை சுட்டாள். ஐந்தாம் மாதம் இதழ் நின்றது. ராய் பெண்டர் விளம்பரத் தொழிலுக்குப் போய்ச் சோப்புக்கு வாசகம் எழுதினார். யெட்டாவின் கதாநாயகி ஒரு விமானப் பழுதுபார்ப்பவள். எண்ணெய்க் கறை படிந்த முழுக்கால்சட்டைதான் போட்டாள். அளவுகோலோடு யாரும் வரவில்லை.

கடிதங்களெல்லாம் 'அன்புள்ள திரு. கோர்ன்ஃபெல்ட்' என்றே வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அடியில் முழுப் பெயரைப் போட்டாள். நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பதினொரு வயதுக்காரன் மறு அஞ்சலில் எழுதினான்: "அன்புள்ள மிஸ் யெட்டா, பெண்களுக்குச் சண்டைக் காட்சி எழுத வராது என்று போன கடிதத்தில் இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை மட்டும் கிழித்துவிடுங்கள். மீதியெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அவள் அந்த முதல் கடிதத்தை முழுசாகவே வைத்துக்கொண்டாள்.