எல்லாவற்றுக்கும் ஐந்து

மேடம் அந்தக் கேள்வித்தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாகூர் போகும் சாலையில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் அவர் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தார், நான் புள்ளியியல். தண்ணீர், மரம், குப்பை, மின்சாரம் பற்றிப் பாடத்தில் சொல்வதைக் கல்லூரி தன் வளாகத்தில் செய்கிறதா என்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டு, சுற்றுச்சூழல் நிலைத்தன்மையை அளந்து தரும்படி நிர்வாகம் அவரிடம் சொல்லியிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மேடத்துக்கு அதில் ஒரே ஒரு கணக்குதான். விடுதிக்குப் பின்னால் இருந்த குளத்தைத் தூர்த்து, கல்லூரி பஸ்களை நிறுத்த இடம் பண்ணப்போகிறார்கள். பிள்ளைகள் மனதில் உள்ளதைப் போட்டுவிட்டால், அந்த மதிப்பெண்ணைக் காட்டித் தடுத்துவிடலாம். "நாம கத்தினா சண்டைன்னுவாங்க சார். பசங்க சொன்னா காது குடுத்துத்தான ஆவணும்" என்பார்.

அவர் நம்பியதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பை அவர் குளக்கரையில்தான் நடத்துவார். காட்டேரிக்குப்பத்திலிருந்து பஸ் மாறி வரும் பெண்கள்கூட, பாடம் முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். தூர்க்கப்போகும் செய்தி வந்த அன்று ஒருத்தி அழுதே விட்டாள்.

ஆசிரியர்கள் ஐந்து ஐந்தாகப் போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒப்பந்த வேலையில் இருப்பவன் நிர்வாகத்துக்குக் குறைத்துப் போட்டுவிட்டு எங்கே போவான்? பிள்ளைகளின் தாள்களைப் பிரித்தபோதுதான் திகைத்துப்போனேன். நீர்நிலையைக் கல்லூரி பாதுகாக்கிறதா? ஐந்து. வளாகத்து முடிவுகளில் உங்களைக் கேட்கிறார்களா? ஐந்து. மேலிருந்து கீழ்வரை அப்படியே. மேடம், அன்றைக்கு அழுத பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா மேடம், கம்மியா போட்டா ஒங்கள தூக்கிடுவாங்கல்ல? போன தபா கெமிஸ்ட்ரி சாருக்கு அப்டித்தான ஆச்சி? அதான் எல்லாரும் பேசி வச்சி அஞ்சு போட்டோம்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

பருவம் முடியும்போதெல்லாம் ஆசிரியருக்கு மாணவர்கள் மதிப்பெண் போடுவது எங்கள் கல்லூரி வழக்கம். குறைந்தால் வேலைக்கே ஆபத்து. பிடித்த ஆசிரியர் என்றால் கேள்வியைப் படிக்காமலே கடைசிவரை ஐந்து போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள். தாளை நீட்டியவர் மேடம் என்பதால், இதுவும் அவருக்கான மதிப்பெண் என்றே நினைத்துவிட்டார்கள்.

மேடம் அவளைத் திட்டவில்லை. "நான் என்னப் பத்தி கேக்கலியேம்மா" என்று மட்டும் சொல்லி, அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனார். மறுபடி கேட்டு எடுக்கிறோம் என்று நிர்வாகத்திடம் கெஞ்சிப் பார்த்தோம். இவ்வளவு நல்ல மதிப்பெண் வந்த பிறகு யார் சம்மதிப்பார்கள்? அந்த மதிப்பெண்ணைப் போட்டு வாசலில் பேனர் கட்டினார்கள். அந்த வாரமே லாரியில் மண் வந்து இறங்கியது. அன்பு இத்தனை பெரிய கெடுதலைச் செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தப் பருவத்தோடு மேடம் வேலையை விட்டுவிட்டு வில்லியனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் பண்ணுவார். ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி விசாரிப்பார். குளத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். போன வாரம் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பண்ணினார்.

"அங்க தண்ணி எங்க சார் நிக்குது?"

"பஸ் நிக்கற எடத்துலதான் மேடம். முட்டி வரைக்கும்."

"பாவம் சார், அதுக்கு வேற எடம் தெரியாது" என்றார். பிறகு அழத் தொடங்கினார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.